உஷார்! டி.சி. கேட்டு நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தூத்துக்குடித் தாய்மார்களே, தகப்பன்மார்களே! பள்ளியிலிருந்து உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "சொந்தக் காரணத்துக்காக டி.சி. வாங்கிக்கிறேன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்று கேட்டால் எழுதாதீர்கள். எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் எழுதாதீர்கள். "வீட்ல பேசிட்டு வர்றேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பதறிப்போய் இதை எழுதக் காரணம் உண்டு. "உன் பிள்ளை இங்கே வேண்டாம்" என்று இன்றைக்கு எந்தப் பள்ளியும் எழுத்தில் தராது. தந்தால் சிக்கல் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே வெளியே அனுப்புகிற வேலையை உங்கள் கையாலேயே செய்ய வைக்கிறார்கள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு கலெக்டரிடம் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் ஒரே பதில்தான் வரும்: "நாங்க அனுப்பலையே, அவங்களா வாங்கிட்டுப் போனாங்க."

இந்த ஊரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பிள்ளையின் அப்பா பல வீடுகளில் பக்கத்தில் இருப்பதில்லை. கப்பல் வேலைக்குப் போயிருப்பார், தோணியில் மாலத்தீவுக்குப் போயிருப்பார், விடியுமுன்னே விசைப்படகு ஏறியிருப்பார், கன்டெய்னர் லாரியில் எங்கேயோ இருப்பார். தலைமையாசிரியர் அறையில் அம்மா மட்டும் தனியாக நிற்பார். எதிரே மூன்று பேர், மேசை மேல் பிள்ளையின் கிழிந்த நோட்டு, அவன் கடித்த இன்னொரு பிள்ளையின் அம்மா எழுதிய புகார். அந்த நேரத்தில் யாருக்குமே கை நடுங்கத்தான் செய்யும். அதனால் தனியாகப் போகாதீர்கள். அண்ணன், சித்தி, பக்கத்து வீட்டு டீச்சர், யாராவது ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பங்குத்தந்தையிடம் சொல்லிச் சிபாரிசு வாங்குவது நம் கடற்கரையில் வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் வாய்ச் சிபாரிசு அடுத்த தலைமையாசிரியர் வரும்வரைதான் நிற்கும். காகிதம் அதற்கப்புறமும் பேசும்.

அவர்கள் சொல்லும் வார்த்தைகளைக் கவனியுங்கள். எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"பேச்சு வந்த பிறகு கூட்டிட்டு வாங்க, கட்டாயம் சேர்த்துக்கிறோம்." இதை நம்பிப் போனவர்கள் அப்படியே போனவர்கள்தான். பேச்சு வந்தால்தான் பள்ளி என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பேசவே பேசாத பிள்ளைகள் படங்களைக் காட்டியும், டேப்லெட்டில் தொட்டும், எழுதியும் படிக்கிறார்கள். இந்த வார்த்தையால் வருகிற இன்னொரு கேடு, பேச வைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் குடும்பம் போய் விழுவது. நகையை அடகு வைத்து ஸ்டெம் செல் ஊசி போடப் போகிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. பள்ளிக்காக வைத்திருந்த பணமும் அங்கே போகிறது, படிப்பு தொடங்க வேண்டிய ஐந்து, ஆறு வயதும் அங்கேயே போகிறது.

"நீங்க கூடவே வந்து வராண்டால உட்காருங்க, அப்படின்னா வச்சுக்கிறோம்." அளத்து வேலைக்குப் போகிற தாய்க்கு இது என்ன அர்த்தம் என்று யாராவது யோசித்தார்களா? உப்பு வாரும் சீசனில் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பள்ளி செய்ய வேண்டிய ஏற்பாட்டைத் தாயின் கூலியில் கழிக்கிறார்கள். முதல் வாரம், பிள்ளை பழகும்வரை உட்காருவது வேறு. வருடம் முழுக்க உட்காரச் சொல்வது நிபந்தனை. அதையும் எழுத்தில் கேளுங்கள்.

"பேர் இங்கயே இருக்கட்டும், பிள்ளை வீட்ல இருக்கட்டும். பாஸ் போட்டுடுறோம்." இதுதான் எல்லாவற்றிலும் மோசம். எமிஸ் என்கிற அரசுக் கணினிப் பதிவில் பெயர் இருக்கும், வருகைப் பதிவு ஓடும், வகுப்பும் வருடா வருடம் ஏறும். பிள்ளை மட்டும் வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். எட்டாம் வகுப்புச் சான்றிதழோடு வெளியே வரும்போது தன் பெயரை எழுதவும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வீட்டுவழிக் கல்வி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்த வழியைத் தருகிறது. ஆனால் அது பிள்ளை தரப்பு தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை. பள்ளி பிள்ளையை அங்கே தள்ளிவிட முடியாது. நீங்களே தேர்ந்தெடுத்தாலும் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு பயிற்றுநர் வீட்டுக்கு வர வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். யாரும் வராவிட்டால் அது கல்வியே இல்லை.

இனி சட்டம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் தூத்துக்குடிக்காரர்கள் ஏமாறுகிற இடம் இங்கேதான் இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும். சேர்க்கும்போது பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது, எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களில் மாற்றுத்திறன் பிள்ளைகளும் வருகிறார்கள். இதைக் கேள்விப்பட்டு, பேப்பர் கட்டிங்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுவார்கள் நம் ஆட்கள். பள்ளி அலுவலகம் சிரித்துக்கொண்டே சொல்லும்: "நாங்க மைனாரிட்டி ஸ்கூல்." உண்மைதான். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிரமதி வழக்கில், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் கடற்கரையிலோ வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை ஊருக்கு ஊர் மறைமாவட்டப் பள்ளிகள், திருமண்டலப் பள்ளிகள், சபைகளின் பள்ளிகள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பெற்றோர் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

திரும்பி வராதீர்கள்! இன்னொரு சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் தனியாகவே இருக்கிறது. அதன் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறுகிற அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் பற்றிப் பேசுகிறது. சிறுபான்மைப் பள்ளி என்று விதிவிலக்கு எதையும் அதில் எழுதவில்லை. பாகுபாடில்லாமல் சேர்ப்பது, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்வது, தனி ஆதரவு தருவது, பிள்ளை முன்னேறுகிறதா என்று கண்காணிப்பது, எல்லாம் அங்கே இருக்கிறது. பிள்ளைக்கு வேண்டிய நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதே பாகுபாடுதான் என்று அந்தச் சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை.

31ஆவது பிரிவை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். குறைபாடு நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் பிள்ளைக்கு ஆறிலிருந்து பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ. பதினெட்டு என்பதைக் கவனியுங்கள். "எட்டாவது வரைக்கும்தான்மா சட்டம், ஒன்பதாவதுக்கு வேற இடம் பார்த்துக்கோங்க" என்று ஏப்ரலில் சொல்கிற பள்ளிக்கு மனதில் இருப்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம். ஒன்பதாவதில் வாய்மூடி வெளியேறிய பிள்ளைகள்தான் அந்த நூற்றுக்கு நூறு பேனருக்குப் பின்னால் இருக்கிறார்கள். பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கும், சொல்வதை எழுத ஆளும், கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். அதற்கான விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே சான்றிதழைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "முத்திரை குத்திடுவாங்க, நாளைக்கு இவன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணணும்" என்று சான்றிதழே வாங்காமல் இருக்கும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 31ஆவது பிரிவைக் கேட்க அந்தக் காகிதம் இல்லாமல் முடியாது. வாங்கும்போது என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண். எழுபது தொட்டால் ஆட்டிசம், 107-இலிருந்து நடுத்தரம், 153-க்கு மேல் கடுமை. இதைச் செய்யாமல், பேசாத பிள்ளைக்கு ஐ.க்யூ. தேர்வு மட்டும் வைத்து, அறிவுசார் குறைபாடு என்று எழுதி அனுப்பிவிட்டால் அங்கேயே நின்று கேளுங்கள். கேள்வி புரிந்தும் பதில் சொல்ல வாய் வராத பிள்ளைக்கு அந்தத் தேர்வு பூஜ்யம் போடும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் பள்ளி பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்யும்.

எல்லாப் பிள்ளையையும் சாதாரணப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அறுபது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில், தலைக்கு மேல் ஒலிபெருக்கி அலறுகிற அசெம்பிளியில், காதைப் பொத்திக்கொண்டு தன் கையைத் தானே கடிக்கிற பிள்ளைக்கு அந்த இடம் தண்டனை. நல்ல சிறப்புப் பள்ளி கிடைத்தால் சேர்ப்பது தோல்வியே அல்ல. பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் நூறு வருடத்துக்கு முன்பே பாளையங்கோட்டையில் பள்ளி கண்ட சீமை இது. நான் கேட்பது வேறு. முதலில் பிள்ளையை ஒருவர் முறையாகப் பார்த்தாரா? என்ன வரும், என்ன வராது, எந்தச் சத்தம் ஆகாது என்று எழுதினாரா? அதற்கு ஏற்ற ஏற்பாடு கேட்டுப் பார்த்தீர்களா? இவ்வளவும் செய்த பிறகு சிறப்புப் பள்ளி என்றால், அது நீங்கள் எடுத்த முடிவு. வராண்டாவில் அழவைத்து எடுக்க வைத்த முடிவு இல்லை.

மாடி வீட்டில் போர்டு மாட்டி "ஸ்பெஷல் ஸ்கூல், தெரபி சென்டர், ஹாஸ்டல் வசதி உண்டு" என்று நடத்துகிறவர்களிடம் இன்னும் கூடுதல் உஷார். 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடக்கக் கூடாது. அதைச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சொல்கிற இடத்தில் பேச முடியாத பிள்ளையை ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். பிள்ளையை மதிப்பிட்டு எழுதி வாங்க, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், இரண்டையும் விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற விஷயம். தண்ணீர்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் நடந்து போய்விடுவார்கள். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுக்கு மேல் ஒரு முறையாவது அப்படிப் போக முயன்ற பிள்ளைகள் கிட்டத்தட்டப் பாதி. அவர்களில் பலரைத் தண்ணீர் இழுக்கும். இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கடல். ஊருக்குள்ளேயே பக்கிள் ஓடை. ஊரைச் சுற்றி உப்பளப் பாத்திகளும் வாய்க்கால்களும். ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் என்று தண்டவாளம். துறைமுகச் சாலையில் இரவு பகலாக லாரி. திரேஸ்புரத்திலும் அமலிநகரிலும் மணப்பாட்டிலும் கூப்பிடு தூரத்தில் அலை. பள்ளி பார்க்கப் போகும்போது ஸ்மார்ட் கிளாஸைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்டைப் பாருங்கள். இன்டர்வெல்லில் அது பூட்டியிருக்கிறதா, வாட்ச்மேன் யார், கழிப்பறை வளாகத்தின் எந்த மூலையில், பின்பக்கச் சுவர் இடிந்திருக்கிறதா, பள்ளியிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம். பிள்ளையைக் காணவில்லை என்று தெரிந்தால் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஆள் ஓட வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லி வையுங்கள். பெற்றோர் எண் எழுதிய அட்டையைப் பிள்ளையின் பெல்ட்டில் மாட்டுங்கள். இதையெல்லாம் கேட்டால் "உங்க பையன் ஓடுவானா? அப்படின்னா வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்களோ என்று மறைக்கத் தோன்றும். மறைத்தால் பிள்ளை போய்விடும். மறைக்காமல், கேட்டைப் பூட்டுவதையும் ஆள் வைப்பதையும் நியாயமான ஏற்பாடாக எழுத்தில் கேளுங்கள்.

ஏற்பாடே இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்திருப்பது சேர்த்துக்கொண்டதாக ஆகாது. முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்; இந்தக் கடலில் அது 1961-உடன் நின்றுபோயிற்று. குளிக்கிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான், தங்கச்சியின் தாலிக்காகவாவது விழித்திருப்பான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கயிறு பிடிக்க ஆளில்லாமல் யாரையும் கீழே இறக்க மாட்டார்கள். வகுப்பில் அந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டியவர் சிறப்பு ஆசிரியர். தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொல்லியது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சிறப்பு பயிற்றுநர்கள் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒப்பந்தக் கூலியில் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு 2024-25இல் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்தப் பணம் நின்றுபோகக் காரணமான தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும். அடி விழுந்த இடத்தில் இருப்பது இந்தப் பிள்ளைகள். சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், இணைப்பு விதிகளின்படி அங்கே சிறப்புக் கல்வியாளர் இருந்தாக வேண்டும். யார் அவர், என்றைக்கு வருகிறார் என்று கேளுங்கள்.

கேட்டால் கிடைக்குமா? 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமியை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி ஒரு தனியார் பள்ளிக்கு உத்தரவிட்டது. வகுப்பில் பிள்ளையின் கூடவே இருந்து உதவ, பெற்றோர் ஏற்பாடு செய்யும் நிழல் ஆசிரியரையும் அனுமதிக்கச் சொன்னது. கிடைத்தது. ஆனால் அதற்குள் சிறுமிக்குப் போன வருடங்கள் போனவைதான். அதனால்தான் கோர்ட்டுக்கு முந்திய கட்டத்திலேயே கெட்டியாக இருங்கள் என்கிறேன்.

செய்ய வேண்டியது சிக்கலானதில்லை. பள்ளியில் வாயால் சொன்னதை அன்றே ஒரு கடிதமாக எழுதுங்கள்: இந்தத் தேதியில், இன்னார் இன்னதைச் சொன்னார்கள், என் பிள்ளைக்கு 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி இந்தந்த ஏற்பாடு வேண்டும், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். தமிழிலேயே எழுதலாம், ஒரு பக்கம் போதும். அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். எழுத்தில் கேள்வி போன மறுநாளே பல பள்ளிகளின் பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் நகல் கொடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். புகாரை விசாரிக்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

எல்லாக் காகிதத்துக்கும் போனில் படம் எடுத்து வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, பீரோவுக்குள் இருந்த காகிதமும் சேர்ந்துதான் ஊறியது.

உங்கள் வட்டாரத்தில் எத்தனை சிறப்பு பயிற்றுநர்கள், எத்தனை பிள்ளைகள், உங்கள் பள்ளிக்குக் கடைசியாக யார் எந்தத் தேதியில் வந்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனுவும் போட்டு வையுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அந்தக் கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள்.